செல்லாத சீட்டு

நள்ளிரவு தாண்டி ஒன்றரை.
லிங்கன்ஷயரில் ஒரு பூப்பந்து அரங்கு.
வலையைச் சுருட்டி ஓரம் தள்ளிவிட்டு
மேசைகள் போட்டிருந்தார்கள்.
கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று
சிறுவர்கள் சண்டையிடும் அதே தரையில்
ஃபென்சைடு கிழக்கு வார்டு:
கிளெனிஸ் பார்ட்ரம் அறுநூற்றுப் பதினொன்று.
ஓவன் பெல்லோ அறுநூற்றுப் பதினொன்று.

மூன்று முறை எண்ணிவிட்டோம்.
பகலில் நான் வீட்டுவரிப் பிரிவு,
அன்று இரவு மட்டும் கூலிக்கு எண்ணுகிறவள்.
கட்டைவிரலில் ரப்பர் உறை வியர்த்திருந்தது.

பேருந்து நிலையத்துக் கழிப்பறையை
மூடலாம் என்றவர் பெல்லோ,
கூடாது என்றவர் கிளெனிஸ்.
ஊதா மூடித் தொட்டியை
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அள்ளுவதா, மூன்றா.
அவ்வளவுதான்.
அதற்கே மில் லேனில் இரண்டு வீடுகள்
பேச்சை நிறுத்தியிருந்தன.

சந்தேகச் சீட்டுகள் தனித் தட்டில் ஏழு.
ஒன்றில் எல்லாப் பெயருக்கும் பெருக்கல் குறி.
ஒன்றில் சாலைப் பள்ளத்தின் படம்,
ஆழம் நாலு அங்குலம் என்ற குறிப்போடு.
ஏழாவதைத் தேர்தல் அதிகாரி ஆஸ்க்யூ
தலைகீழாகப் பிடித்திருந்தார்.
"இதில் எது மேல்பக்கம்?"

கிளெனிஸ் பெயருக்கு நேரே
கட்டத்துக்குள் தொடங்கி வெளியே வழிந்து,
பென்சிலில், தமிழில்:
பறவாயில்லை.

ரகரம் இருக்க வேண்டிய இடத்தில் றகரம்.

"என்ன பொருள்?" என்றார்கள் முகவர்கள்.

காய்ச்சல் எப்படி என்றால் பரவாயில்லை:
குறைந்திருக்கிறது.
காலை மிதித்தவர் வருந்தினால் பரவாயில்லை:
வலிக்கிறது.
பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை பரவாயில்லை:
இன்னும் இரண்டு இடம் பார்க்கலாம்.
சாப்பிட்டுப் போங்களேன் என்றால் பரவாயில்லை:
வேண்டாம்,
அல்லது இன்னொரு தடவை கூப்பிடுங்கள்.

"அப்படியானால் ஆதரவு" என்றார் கிளெனிஸின் முகவர்.
"சகிப்பு" என்றார் பெல்லோவின் முகவர்,
"சகிப்பை எண்ண முடியாது."
ஆஸ்க்யூ கண்ணாடியைக் கழற்றினார்.
"வாக்காளரின் நோக்கம் தெளிவாக இருக்க வேண்டும்.
உங்கள் மொழியில் இது தெளிவா?"

இரண்டு குழந்தைகளோடு
அந்த நிலையத்தில் பேருந்துக்கு நிற்பவள் நான்.
கழிப்பறை திறந்திருக்க வேண்டும் எனக்கு.
'நல்லவர்' என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம்.
சரிபார்க்க அந்த அரங்கில் வேறு ஆளில்லை.

தெளிவில்லை என்றேன்.

முத்திரை விழுந்தது,
சரியாக அந்த றகரத்தின் மேல்.

பிறகு குலுக்கல்.
குடவோலைக்குக் குடம் ஏது?
யாரோ சாண்ட்விச் தின்று முடித்த டப்பா.
கழுவி, காகிதத்தால் துடைத்து,
மடித்த தாள்கள் இரண்டைப் போட்டார்கள்.
வெங்காய வாசனையோடு வெளியே வந்தது
பெல்லோவின் பெயர்.

கிளெனிஸ் எல்லோருக்கும் கை கொடுத்தார், எனக்கும்.
பதினெட்டு வருடக் கவுன்சிலர்,
கோட்டுப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார்.
நான் சொல்லவில்லை.

ஜூனில் கழிப்பறைக்குப் பூட்டு வந்தது.

வார்டில் தமிழ் வீடுகள் எனக்குத் தெரிந்து நாலு.
முதியோர் இல்லத்து நர்ஸ் சுகிர்தா,
பல் மருத்துவர் வீடு, அப்புறம் நாங்கள்.
தேடக் கூடாது என்றுதான் இருந்தேன்.
போன வியாழன் பெட்ரோல் நிலையத்தில்
ஜெகதீசனின் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு துண்டுத்தாள்:
இட்லி மாவு நாளை வறும்.

ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டவள் நான்.
பாலை மேசையில் வைத்துக் காசைக் கொடுத்தேன்.
மீதியில் நாலு பென்ஸ் குறைந்தது.
கல்லாவின் மூலைகளில் விரலால் துழாவினார்.
"பரவாயில்லை" என்றேன்.

நிமிராமல்
இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.