ஒன்பதாவது கேள்வி

கோபிப் பாலை. இரவு இரண்டு மணி.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு டிகிரி.
எல்லைச் சாவடிக்கு இன்னும் நானூறு லாரி,
எல்லாவற்றிலும் கரி.

என் வகுப்பறைக்கு ஓர் உள்ளங்கை அகலம்.
குளிரில் சட்டென்று செத்துப்போகும் என்பதால்
அக்குளில் வைத்திருக்கிறேன்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.
கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துவிடும்,
கழற்றாவிட்டால் திரை கேட்காது.
ஆகவே மூக்கால் தொட்டுப் படிக்கிறேன்
கணக்கியல், இரண்டாம் பருவம்.

"தேய்மானம்" என்கிறார் பேராசிரியை சரந்துயா
உலான்பாத்தரில், வெந்நீர்க் குழாய் ஓடும் அறையில்,
சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு.
ஒரு வண்டி பத்து ஆண்டு உழைக்கும்
என்று வைத்துக்கொள்ளுங்கள்.
வைத்துக்கொண்டேன்.
என் வண்டி சிரித்தது.
இருமியது என்றும் சொல்லலாம்.

நடுவே பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு படிவம்:
தொலைநிலை மாணவர்களின் மனப்பாங்கு.
இருபது கேள்வி. எட்டு வரை மூக்கு தயங்கவில்லை.
ஒன்பது:
மொபைலில் படிப்பது எனக்கு வசதியாக இருக்கிறது.
முழுக்க உடன்படுகிறேன், உடன்படுகிறேன்,
சொல்லத் தெரியவில்லை…

வசதி.
மூன்று நாளாகக் காலை நீட்டவில்லை.
இது இல்லையென்றால்
இந்த மூன்று நாளும் வெறும் மூன்று நாள்.
பாடம் நின்று சுற்றும்போது திட்டுகிறேன்,
முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போடுகிறேன்.
பாடத்துக்காக மட்டும் என்றால் பொய்.
வண்டிக்குள் இன்னொரு குரல் இருக்கிறதே,
அதற்கு எந்தக் கட்டம்?

யோசித்த நேரத்தில் வரிசை நகர்ந்துவிட்டது.
ஒரு லாரி நீள இடைவெளி.
பின்னாலிருந்த நீல வண்டி வளைந்து வந்து
புகுந்துகொண்டது.
ஹாரனை அழுத்திப் பிடித்தேன். ஏழு தலைமுறையை இழுத்தேன்.

கதவைத் தட்டினார்கள்.
நீல வண்டிக்காரி. புருவமெல்லாம் உறைபனி.
சண்டைக்கு என்றுதான் கண்ணாடியை இறக்கினேன்.

"முந்தும்போது பார்த்தேன், உன் முகத்தில் அந்த வெளிச்சம்.
தேய்மானமா?
எனக்கு ஏழாம் நிமிடத்தோடு நின்றுவிட்டது.
முழுசாக இருக்கிறதா?"

ஏறி உட்கார்ந்தாள். நொமின்செத்செக் என்று பெயர்.
கோப்பு அவள் மொபைலுக்குப் போய்ச் சேர
இரண்டு குவளை உப்புத் தேநீர் ஆயிற்று.
நான்காம் கணக்குக்கு அவள் விடை வேறு, என் விடை வேறு.
பத்து ஆண்டை அடித்துவிட்டு நான்கு என்று போட்டிருந்தாள்.
"கேள்வியில் பத்து என்றுதானே இருக்கிறது?"
"கேள்வி எழுதியவர் இந்தச் சாலையில் வந்ததில்லை."

படிவத்தைத் திறந்தேன். காலாவதி என்றது.
ஒன்பதிலிருந்து இருபது வரை வெறுமை.
வெளியே நீல வண்டிக்கு முன்னால் இடைவெளி,
எங்கள் முதுகுக்குப் பின்னால் நூறு ஹாரன்.
குவளையைக் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

வரிசையில் என் இடத்தை மட்டும்
திருப்பித் தரவில்லை.