கைகள் காற்சட்டைப் பைக்குள்

பயிற்சி வகுப்பில் சொன்னதில்
ஒன்றுதான் நினைவில் நிற்கிறது:
பொறுப்பாளரின் கைகள்
காற்சட்டைப் பைக்குள் இருக்க வேண்டும்.
ஏஜாக்ஸில் இருந்து மூன்று மணித்தியால ஓட்டத்தில்
அதை நாலு தரம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

புறப்படும்போது கவின்சனின் அம்மா
கார்க் கண்ணாடிக்குள் தலையை நீட்டி
"பார்த்துக்கொள்ளுங்கோ" என்றா.
பார்ப்பேன் என்றேன்.
பார்ப்பது மட்டும்தான் என் வேலை என்று
அவவுக்குச் சொல்லவில்லை.

பான்குரொஃப்ட் தாண்டி ஒரு ஏரி.
நீர்நாய் அணி, ஆறு பேர்.
அணித் தலைவி யதுர்ஷா: வயது பதின்மூன்று,
பல்லுக்குக் கம்பி, கையில் ஒரு கொப்பி.
துணைக்கு ஒமாரி. பிறகு மிலேனா, ஹர்கிரத்,
கதைக்கவே கதைக்காத டேன்,
எல்லோரிலும் சின்னவன் கவின்சன்.

கூடாரம் எங்கே அடிப்பது என்று வாக்கெடுத்தார்கள்.
ஏரி தெரிகிற பள்ளத்துக்கு ஐந்து.
மேட்டுக்கு ஒன்று. அது கவின்சனின் கை,
முழங்கை மட்டத்துக்கு மேல் அது போகவில்லை.

பைக்குள் என் விரல்கள்
திறப்புக் கோர்வையை நெரித்தன.

எனக்குத் தண்ணீரைத் தெரியும்.
எந்த வழியால் வரும்,
தறப்பாளின் எந்த மூலையில் முதலில் குந்தும்,
வாய்க்காலை எத்தனை விரல் ஆழம் வெட்டினால்
ஒரு குழந்தை நனையாமல் விடியும்
என்பதெல்லாம் தெரியும்.
நான் பழகியதும் ஒரு முகாமில்தான்.
அங்கே யாரும் வாக்கெடுக்கவில்லை.
இந்தப் பிள்ளைகள் தங்கள் அணியை
பட்ரோல் என்கிறார்கள்.
எங்கள் வாயில் அது ரோந்து:
வீடு வீடாக
விளக்கை ஊதி அணைக்கிற சத்தம்.
இங்கே அதற்கு ஒரு கொடி இருக்கிறது,
கொடியில் மீசை வைத்த ஒரு நீர்நாய்.

இரவு ஒன்றரைக்கு
அண்டாவைக் கவிழ்த்த மாதிரி மழை.
கூடாரத்துச் சிப்பைத் திறந்துவிட்டு
சப்பாத்தோடு குந்தியிருந்தேன்.
பள்ளத்தில் ஒரு டோர்ச் எரிந்தது. பிறகு மூன்று.
யாரோ அழுதார்கள். யாரோ சிரித்தார்கள்.
"இப்பவும் மீட்டிங்கா?" ஒமாரி.
"ரெண்டே நிமிசம்." யதுர்ஷா.

மழைக்குள் நின்று கூட்டம் வைத்தார்கள், நம்புங்கள்.

எழுந்தேன். இரண்டு அடி வைத்தேன்.
இடி இல்லை. மின்னல் இல்லை.
ஒருவர் காலும் சுளுக்கவில்லை,
ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை.
வைத்த இரண்டு அடியையும்
பின்னுக்கு எடுத்தேன்.

பிறகு அந்தக் கூடாரம், கழற்றாமல் மடிக்காமல்,
ஐந்து பேரின் கைகளில்
சாமி காவுவது போல மேடு ஏறியது.
முன்னால் வெளிச்சம் பிடித்துக்கொண்டு கவின்சன்:
"இடப்பக்கம் கல்லு! இடப்பக்கம் கல்லு!"
கல் இருந்தது வலப்பக்கம்.
"மற்ற இடப்பக்கம்!" என்று கத்தினான் டேன்.
அன்று முழுக்க அவன் பேசிய ஒரே வசனம்.

காலையில் ஓட்ஸ் கஞ்சி அடிப்பிடித்தது.
நான் சொன்னேன்தானே என்று கவின்சன்
மூன்றாம் தரமும் சொல்லி முடிக்கும்வரை
யதுர்ஷா பொறுத்திருந்தாள்.
பிறகு கொப்பியில் எழுதினாள்:
பள்ளம் வேண்டாம்.
ஒரு கை என்றாலும் ஏன் என்று கேட்க.
சீனி.

எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்தவள்
என் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.
இரவெல்லாம் திறந்து கிடந்த வாசலால்
மழை வந்து படுத்திருந்தது,
என் படுக்கைப் பைக்குள், தலைமாடு வரைக்கும்.

"அங்கிள், ஏன் சிப்பைப் பூட்டேல்ல?"

பதில் சொல்லக் கையை வெளியே எடுத்தேன்.

"பொறுங்கோ," என்றாள்,
கம்பிப் பல் தெரிய.
"அணியோட கதைச்சிட்டு வந்து
என்ன செய்யலாம் எண்டு சொல்லுறன்."