சாம்பல் சதுரங்கள்

ஏழாம் வாட்டு ரீவியின் ரிமோட் தொலைந்து
இரண்டு மாதம்.
அதனால் ஒரே சனல்.
வெள்ளி இரவென்றால் சண்டைப் படம்.

கதாநாயகன் ஒருவனைக் குத்துகிறான்.
கத்தி தெரிகிறது, கைப்பிடி தெரிகிறது,
மணிக்கட்டு திருகுவதும் தெரிகிறது.
இரத்தம் வருகிற இடத்தில் மட்டும்
சாம்பல் நிறச் சின்னச் சதுரங்கள்
எறும்பாய்க் கூடி மொய்க்கின்றன.
பக்கத்தில் நிற்பவனின் சிகரெட்டுக்கும்
அதே சதுரங்கள்.

குத்தலாம்.
கொட்டக் கூடாது.

பதினொன்றாம் கட்டிலில் கஜரூபன்,
வீரநகர்ப் பெடியன், வயது இருபத்திரண்டு.
வலை அறுந்த தகராறில் சொந்த மச்சான்
மீன் வெட்டுகிற கத்தியால்
ஒரேயொரு தரம் குத்தினான்.
ஒரேயொரு தரம்தான்.
நாலரை மணித்தியாலம் தியேட்டரில் கிடந்தது உடம்பு.
தியேட்டர் என்று நாங்கள் சொல்வது மற்றதை.
அங்கே இடைவேளை கிடையாது.
குடலில் ஒரு சாண் வெட்டி வாளியில் போட்டதை
எரிக்கிற இடத்துக்குக் கொண்டுபோனவள் நான்.

இப்போது அவன் படம் பார்க்கிறான்.
வில்லனின் ஆட்கள் முப்பத்தொரு பேர்
(எண்ணினேன், எனக்கு அது பழக்கம்,
விடியக் கழுவப் போகிற விரிப்புகளை
எண்ணித்தான் கொடுக்க வேண்டும்).
முப்பத்தொரு பேரும் பறந்துபோய்
மரக்கறி வண்டில்களில் விழுகிறார்கள்.
தக்காளி சிதறுகிறது.
தக்காளிக்குச் சதுரம் இல்லை.

ஒருத்தனும் அம்மா என்று கத்தவில்லை.
ஒருத்தனுக்கும் மூத்திரம் போகவில்லை.
விழுந்தவர்களை அடுத்த காட்சியில் காணோம்;
யார் தூக்கினது, எந்த வாகனத்தில்,
யார் அவன் பெண்சாதிக்குக் கோல் எடுத்தது?

கதாநாயகன் வயிற்றிலும் ஒரு கத்தி ஏறுகிறது.
பிடுங்கி எறிகிறான். துண்டால் இறுக்கிக் கட்டுகிறான்.
அடுத்தது பனிமலை, பாட்டு.
வாட்டே கை தட்டுகிறது.
கஜரூபன் சிரிக்கப் போய்
தையலைப் பொத்திக்கொண்டு வளைகிறான்.
"அந்தாள் எப்பிடி அக்கா உடனே ஆடுறார்?
எனக்கு இன்னும் காத்தே பிரியேல்லை."

டொக்டர் காலையும் மாலையும் கேட்பது அது ஒன்றைத்தான்.
அது போனால்தான் தண்ணீர்,
தண்ணீர் தங்கினால்தான் கஞ்சி.
எந்தக் கதாநாயகனிடமும்
யாரும் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பதினொன்றரைக்குக் கீழே அம்புலன்ஸ்.
வாள்வெட்டு. உப்புவெளிப் பக்கம்.
லிஃப்ட் வேலை செய்யாது, படியெல்லாம் சொட்டு.
மொப்பும் வாளியுமாய் இறங்குகிறேன்.
முதலில் பச்சைத் தண்ணீர்.
சுடுதண்ணீர் ஊற்றினால் இரத்தம் அவிந்து
தரையோடு ஒட்டிவிடும்.
சண்டைக் காலத்தில்,
மூதூரிலிருந்து படகில் ஏற்றி வந்தவர்களுக்குப் பின்னால்
துடைத்துத் துடைத்துப் படித்தது:
காய முதல் துடை.
இரும்பு மணம் மட்டும் போகாது.
அதை மறைக்கிற சதுரத்தை
இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

வெட்டினவர்கள் ஃபோனில் பிடித்திருக்கிறார்கள்.
பொலிஸ்காரர் மிஸ்ஸிக்குக் காட்டுகையில்
நானும் எட்டிப் பார்த்தேன்.
பின்னால் பாட்டுப் போட்டிருந்தார்கள்.
மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள்.
பெடியன் விழுகிற இடத்தோடு
வெட்டி முடித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகுதானே என் வேலை.

வெளியே குப்பைத் தொட்டியடியில் புள்ளிமான் இரண்டு.
பஞ்சு கட்டிய பொலித்தீனை இழுக்கின்றன.
வாளியை வாய்க்காலில் கவிழ்த்தேன்.
ஒன்று வந்து மோந்து பார்த்தது,
தலையை உதறிக்கொண்டு
கடற்கரைப் பக்கம் போனது.

நான் மேலே வர, படம் முடிந்திருந்தது.
ஏதோ சோப் விளம்பரம்.
"கடைசியில் என்ன நடந்தது?" என்றேன்.
கஜரூபன் முகம் முழுக்கச் சிரிப்பு.
"காத்துப் பிரிஞ்சிட்டுது அக்கா."