சேனல் பதினொன்று

நெட் வரவில்லையென்று தனகோட்டி போன் செய்தபோது மணி ஒன்பதரை,
ஆர்.என்.பாளையத்தில் கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
ஏணி லாட்ஜிலேயே இருக்கிறது என்றார்.
எப்போதும் போல, இல்லை.

பாபுராவ் தெருவில் லாட்ஜை ஒட்டி லாட்ஜ்.
பலகைகளில் தமிழுக்கு மேலே வங்காளம்.
மருந்துக்கடை வெளிச்சத்தில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து
படிக்கத் தெரிந்தவர்கள் போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.
மேலே காற்றிலும் இடமில்லை:
என் போனில் நாற்பத்து மூன்று வைஃபை,
முப்பத்தெட்டு சேனல் ஆறில்,
ஒரு தண்ணி லாரியைச் சுற்றிய குடங்கள்.

ஒன்று, ஆறு, பதினொன்று.
இந்த மூவர்தான் தோள் இடிக்காமல் நடப்பார்கள்.
பதினொன்றுக்கு மாற்றினேன்.

மரமில்லாத மலை என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள்;
டவர் போட வந்தவனைக் கேளுங்கள், கும்பிடுவான்.
மலையில் தடுக்காத அலையை
இங்கே மூன்றாம் மாடித் தண்ணீர்த் தொட்டி தடுக்கிறது.
தொட்டி நிறைந்தால் முப்பத்திரண்டாம் அறைக்கு நெட் கிடையாது.
அந்த அறைக்காரர்கள் இதைத் தாங்களே கண்டுபிடித்து
எல்லோரும் குளித்து முடித்த பிறகு
ஊருக்குப் பேசுகிறார்கள்.

முப்பத்திரண்டில் பினாபானி. கரீம்கஞ்சிலிருந்து.
என் உருதும் அவள் வங்காளமும்
ஒரு மாதிரியான இந்தியில் சந்தித்தன.
அவளிடம் இருப்பது பட்டன் போன்.
கணவனின் பெரிய போன் பூட்டிக் கிடக்கிறது,
திறக்கும் எண் அவனோடு ஐசியூவில்.
டேட்டா தீர்ந்து ஆறு நாள்.
மகன் கப்பலில், எந்தக் கடலென்று தெரியாது;
வாட்ஸப்பில்தான் வருவான்,
அதுவும் அப்பாவின் எண்ணுக்குத்தான்.

பூட்டைத் திறக்க முடியுமா என்றாள்.
முடியாது என்றேன்.
ஏணியில்லாமல் நாற்காலி மேல் நாற்காலி போட்டு
தொட்டியை விட்டு ஆக்சஸ் பாயின்ட்டைத் தள்ளி மாட்டும்போதுதான் தோன்றியது.

போன்களுக்கு ஒரு குணம் உண்டு.
பூட்டிக் கிடந்தாலும் பழகிய பெயரைத் தேடிக்கொண்டே இருக்கும்.
பெயரும் கடவுச்சொல்லும் ஒத்தால் போதும்,
சுவர் யாருடையது, ஊர் எது
என்று கேட்பதில்லை.

உங்கள் வீட்டு வைஃபைக்கு என்ன பெயர்?
துளசிதலா, என்றாள்.
ஒவ்வொரு எழுத்தாக, ஆங்கிலத்தில், காலண்டரில் பார்த்த நினைவில்.
கடவுச்சொல்?
சிரித்தாள். அன்று ஒரு தடவைதான்.
மகனின் செல்லப்பெயர், புபாய்.
எட்டெழுத்து இல்லாமல் மெஷின் ஒப்பவில்லையாம்,
அதனால் இரண்டு தடவை:
புபாய்புபாய்.

துளசிதலா என்று புதிதாக ஒன்றை எழுப்பினேன்.
அது நொடிக்குப் பத்து முறை
இங்கே இருக்கிறேன் என்று சொல்லத் தொடங்கியது.
முதலில் ஒன்றுமில்லை.
பெரிய எழுத்தா சின்ன எழுத்தா? மாற்றினேன்.

தலையணைக்கடியில் போன் உறுமியது.
ஒன்று, இன்னொன்று, பிறகு எண்ண முடியாமல்,
ஆறு நாள் வாசலில் நின்றவர்கள்
ஒரே நேரத்தில் உள்ளே வந்ததுபோல்.
அவள் எடுக்கவில்லை. கையை முந்தானையில் துடைத்தாள், திரும்பத் துடைத்தாள்.
நான் ஒயரைச் சுருட்டுவதுபோல் நின்றேன்.

பதினொன்றே காலுக்கு அழைப்பு வந்தது.
பூட்டிய போனிலும் பச்சையைத் தள்ளலாம்.
நான் படியிறங்கினேன்.

மறு வாரம் தனகோட்டி கேட்டார்,
மொட்டை மாடியில் ஏதோ பேய்ப்பெயர் காட்டுதே, யாருது?
முப்பத்திரண்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.
ராஞ்சிக்காரர்கள், நேற்று வந்தவர்கள் என்றார்.
அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை, பெயரையும் எடுக்கவில்லை.

பில்லில்
சேனல் மாற்றியது நூற்றைம்பது
என்று மட்டும் எழுதினேன்.
நூறு தந்தார்.