நட்பு நாடு

தேவகோட்டை. வக்கீல் சவரிமுத்துவின் மாடி அறை.
தட்டச்சு வேலை எனக்கு. மாதம் எழுபது ரூபாய்.
விரலில் ஏறிய கார்பன் மையைத் தேய்க்க
எலுமிச்சைத் தோல் என் செலவு.

பர்மாவில் நிலம் போனவர்கள்
செவ்வாய்க்கிழமை வருவார்கள்,
மற்ற நாட்களில் வக்கீலுக்குக் கோர்ட்டு.
மடியில் மஞ்சள் பை. பைக்குள்
பேரேடு, கிரயப் பத்திரம்,
ஒரு நகரத்தில் செல்லாத வரி ரசீது.

சா.பெரி. பெத்தபெருமாள் செட்டியாருக்கு
ஆயிரத்து நூற்று நாற்பது ஏக்கர்,
இரண்டு அரிசி ஆலை,
கிட்டங்கியில் விட்டு வந்த இரும்புப் பெட்டி ஒன்று.
சாவி மட்டும் இடுப்பில் இருக்கிறது.
எழுதுகிறோம் டெல்லிக்கு.
மூன்றாம் மாதம் பதில் வருகிறது,
சிங்க முத்திரையோடு, வழவழத்த தாளில்:
'விஷயம் நட்பு நாடான அந்த அரசிடம்
உரிய தருணத்தில் எழுப்பப்படும்.'

நட்பு.
எங்கள் தெருவில் அதற்கு
இரவல் உரல், திரும்பாத படி அரிசி,
கல்யாணத்தில் முன்வரிசை என்று பொருள்.
ஆறாவது பதிலைக் கோப்பில் கோர்க்கும்போதுதான் விளங்கியது:
இந்த நட்பு வேறே.
கேட்காமல் இருப்பதற்குச் செய்துகொண்ட ஏற்பாடு.
வடக்கே பனிமலையில் ஒரு படை நகர்ந்தால்
தேவகோட்டையில் ஒரு கோப்பு நகராது.

கோபம் வரவில்லையா என்று கேட்டேன்.
மூக்குக் கண்ணாடியைத் துண்டில் துடைத்தார்.
'லேவாதேவியில் ஒரு பாடம் உண்டு.
நமக்குத் தேவைப்படுகிறவனிடம்
வசூலுக்குப் போகக் கூடாது.
பியாப்பத்தில் மில்லுக்காரன் பாக்கி எட்டு வருஷம் நின்றது,
நான் கேட்டதில்லை.
கலப்பைக்காரனைத்தான் கேட்டேன்.
டெல்லி கடை நடத்துகிறது அம்மா.
அவர்கள் பேரேட்டில்
நான் கலப்பைக்காரன்.'

சொல்லிவிட்டுச் சிரித்தார்.
சிரிப்பு அவருக்கே பிடிக்கவில்லை போல,
குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஏழாவது மனுவுக்கு ஏழு இணைப்பு.
கடைசி இணைப்பு ஓர் அடமானப் பத்திரம்.
முன்பக்கம் நம் எழுத்து, பின்பக்கம்
வட்டம் வட்டமாக அந்த ஊர் எழுத்து,
வட்டி மட்டும் இரண்டிலும் ஒன்றே.
கீழே, மா த்வே என்ற பெயருக்குப் பக்கத்தில்
ஒரு கைநாட்டு.
சின்ன விரல். நடுவில் ஒரு வெட்டுத் தழும்பு,
அரிவாளாக இருக்கலாம்.

கைநாட்டை எப்படித் தட்டச்சு செய்வது?
முறை உண்டு: அடைப்புக்குறிக்குள் 'கைநாட்டு' என்று அடித்தால் போதும்.
அடிக்க விரல் போகவில்லை.
அவளைத் தாளுக்கு இழுத்து வந்தது நெல் விலை.
நெல் விலையை உடைத்தது எங்கோ ஒரு துறைமுகம்.
அந்தத் துறைமுகத்தில் முதலில் பீரங்கியோடு நுழைந்தது
வேறொரு ராணியின் கப்பல்.
அதன் பின்னால்தான்
நம் பெட்டிகளும் இறங்கின,
டிக்கெட் எடுத்து, முறையாக.
இவளுக்காக எந்தத் தலைநகரில்
யார் எழுதினார்கள்,
'உரிய தருணம்' என்றாவது?

அடுத்த செவ்வாய் இதைக் கொஞ்சம்
சுற்றி வளைத்துச் சொன்னேன் செட்டியாரிடம்.
பத்திரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
'ரேகை தெளிவாக இருக்கிறதா பார்' என்றார்.
'இது மங்கினால் கேஸ் நிற்காது.'

நான்கு பிரதி அடித்தேன்.
டெல்லிக்குப் போவது சுத்தமாக வந்தது.
நான்காம் பிரதியில், அலுவலகத்துக்கு வைத்துக்கொள்வதில்,
அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில்
கார்பன் ஒட்டிய என் கட்டைவிரல்
எப்படியோ பட்டிருந்தது.
அழிக்க ரப்பர் எடுத்தேன்,
வக்கீல் கூப்பிட்டார், போய்விட்டேன்.

தபாலாபீசில் உறையைத் தராசில் வைத்தார்கள்.
'எடை கூட இருக்கு' என்றான் குமாஸ்தா.
'இன்னும் இருபது காசுக்கு ஒட்டணும்.'