ஞாயிறு, பத்து முதல் ஐந்து வரை

கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாயிற்று.
பீரோவை நகர்த்த முடியவில்லை.
அதன்மேல் பச்சைத் துணி போர்த்தினோம்,
கேட்டால் மலை என்று சொல்லிக்கொள்ளலாம்.

மஞ்சக்குப்பத்தில், இரண்டாவது மாடியில்,
பழைய கதவுகள் இரண்டைச் சேர்த்துப் போட்ட பலகைமேல்
என் ரயில்பாதை.
விடியுமுன் எழுந்து
ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் தண்டவாளம் துடைத்தேன்.
இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கடல்
ராத்திரி வந்து நக்கிவிட்டுப் போகிறது.
பஞ்சு கறுத்தது.

எத்தனை பேர் வருவாங்க என்றாள் தமயந்தி.
பத்துப் பேர் என்றேன்.
நாற்பது பேப்பர் கப் வாங்கினாள்.
பற்றவில்லை.

செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி
முதல் மாடிவரை இறங்கி நின்றன.
மூன்று மூன்று பேராக உள்ளே விட்டேன்.

நான் பல்செட் செய்கிறவன்.
குன்றெல்லாம் பல்லுக்கு அச்செடுக்கும் பிளாஸ்டர்.
எனக்கு வேலை அனுப்பும் டாக்டர் கிருபாகரன்
சுரங்கத்தின் வாயில் டார்ச் அடித்து
இன்னும் கொஞ்சம் நல்லாத் திறங்க என்றார்.
அவர் மட்டும் சிரித்தார்.

கெடிலத்துல எப்ப ஓடுச்சு இவ்வளவு தண்ணி என்றார் ஒருவர்.
போன மழைக்கு எங்க வாசல்வரை வந்துச்சே,
அதைக் காணோமே என்றார் அடுத்தவர்.
மற்றபடி எல்லோரும் தேடியது
அவரவர் வீட்டை.
புதுப்பாளையத்துக்காரரிடம் சொன்னேன்,
உங்க தெரு பலகைக்கு வெளியே வரும்,
நீங்க நிக்கிற இடத்துல.
அவர் குனிந்து
தன் காலடியைப் பார்த்தார்.

மொத்தம் எவ்வளவு ஆச்சு சார்?
கால்வாசியைச் சொன்னேன்.
சமையலறையிலிருந்து ஓர் இருமல் வந்தது.

பதினொன்றே முக்காலுக்குக் கரன்ட் போனது.
பாலத்தின் நடுவில் நின்றது வண்டி.
சிக்னல் கிடைக்கல என்றாள் ஒரு சிறுமி,
அவ்வளவுதான்,
அறை முழுக்கப் பயணிகளாகிவிட்டார்கள்.
ஒருவர் நோட்டீசால் விசிறிக்கொண்டார்.
ஒருவர் வீட்டுக்கு போன் போட்டு லேட்டாகும் என்றார்.
முன்பின் தெரியாத இருவர்
உங்களுக்கு எந்த ஊர் என்று ஆரம்பித்து
தூரத்து உறவாகி முடித்தார்கள்.
இருபது நிமிடம் கழித்து வண்டி அசைந்தபோது
யாரோ பெருமூச்சு விட்டார்கள்,
உட்கார இடம் கிடைத்தமாதிரி.

மூன்று மணிக்குப் பூவராகன் வந்தார்.
துறைமுகம் சந்திப்புப் பக்கம் கீமேன் வேலை.
பேச்சில்லை.
பலகையின் விளிம்பில் கன்னத்தை வைத்து
ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.
மூன்று சுற்று.
"சின்ன வளைவுல தலையாட்டுது பாருங்க.
வெளிப்பக்கம் தாழ்ந்திருக்கு."
இரண்டு வருடமாக நான்
பெட்டியின் சக்கரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.
சட்டைப்பையிலிருந்து பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து
நான்காய் மடித்துக் கட்டைக்கடியில் செருகினார்.
டீ வேண்டாமென்றார், ராத்திரி ரோந்து இருக்கிறதாம்.
படியில் நின்று கேட்டார்,
"இந்தப் பாதையை யார் நடந்து பாக்குறது?"
செருப்பு மாட்டும்வரை காத்திருந்தார்.
நான் பதில் சொல்லவில்லை.

ஐந்தரைக்குக் கடைசிச் செருப்பும் இறங்கிப் போனது.
ஒரு சிக்னல் கம்பம் வளைந்திருக்கிறது.
நடைமேடையில் டீ விற்றவனைக் காணோம்,
இரண்டு சென்டிமீட்டர் ஆள், தூக்கோடு சேர்த்து.
யார் பாக்கெட்டிலோ இந்நேரம் அவன்
நிஜ பஸ்ஸில் பண்ருட்டி தாண்டியிருப்பான்.
சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில்
அரை முந்திரி கிடந்தது.
ரசீது இல்லை,
எங்கே இறக்குவதென்று குறிப்பு இல்லை.

கட்டிலை இறக்கலாமா என்றாள் தமயந்தி.
கொஞ்சம் இரு என்று
விளக்கை அணைத்து, வேகத்தைக் குறைத்து
இன்னொரு முறை விட்டேன்.
பாலம். சுரங்கம்.
சின்ன வளைவுக்கு
இருவரும் காதைக் கொடுத்து நின்றோம்.
பஸ் டிக்கெட்டின் மேல் ஏறி
அரை முந்திரி
ஆடாமல் போனது.