சண்டைக்கு ஐந்து நிமிடம்

தண்டர் பேயில் பகலெல்லாம் காகித ஆலை எனக்கு.
ஐஸ் ஹாக்கி ஆட்டமிருக்கும் இரவுகளில்
தண்டனைப் பெட்டியின் கதவு.
தாழ்ப்பாளை நீக்குவேன். ஆள் வருவான். தாழிடுவேன்.
நேரம் முடிந்ததும் திறந்துவிடுவேன்.
சம்பளம் ஒரு காபி,
கார் நிறுத்த இலவச இடம்.

வாசில் ஓனிஷ்கோவை அப்படித்தான் தெரியும்.
ஏழு பருவங்கள்.
கோலடித்து அவன் கை தூக்கியதை
ஆறோ ஏழோ தடவை பார்த்திருப்பேன், அதுவும் தூரத்திலிருந்து.
அருகில் பார்த்ததெல்லாம்
மூச்சிரைக்கும் நூற்றுப்பத்து கிலோ,
கையுறை கழன்ற கை,
ஐஸ் துருவலில் புதைத்துவைத்த விரல் முட்டிகள்.

காலைத் தட்டிவிட்டதற்கு இரண்டு.
மட்டையால் கொக்கி போட்டு இழுத்ததற்கு இரண்டு.
சண்டைக்கு ஐந்து.
நடுவரின் தாயைப் பற்றி ஒரு சொல் சொன்னதற்குப் பத்து.
ஆலையில் எந்திரம் நின்றுபோன ஒருநாள்
பழைய தாள்களைக் கூட்டிப் பார்த்தேன்:
என் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தது
மொத்தம் பத்தொன்பது மணி நேரம்.
என் சொந்தத் தம்பியோடுகூட
அவ்வளவு நேரம் ஒரே பெஞ்சில் இருந்ததில்லை நான்.

பேசுவான். ஆட்டத்தைப் பற்றியல்ல.
டாஃபினில் அப்பா விற்கவும் மாட்டாமல்
ஓட்டவும் மாட்டாமல் வைத்திருக்கும் டிராக்டர்,
வங்கியில் கேட்ட இன்னொரு காகிதம்,
முட்டைக்கோஸ் சுருளுக்குள் அரிசியா, குருணையா என்று
மாமியாரோடு தீராத வழக்கு.
ஒருமுறை குருணைக்கு எதிரான வாதத்தின் நடுவே
பல் ஒன்று கையோடு வந்தது.
"பிடி" என்று கொடுத்துவிட்டுப் போனான்.
இருமல் மிட்டாய் டப்பாவில் போட்டுவைத்தேன்.
திரும்பக் கேட்கவேயில்லை.

பேச்சு தீர்ந்தால், "இன்னும் எவ்வளவு?"
தலைக்கு மேலேயே கடிகாரம் தொங்கும்.
இருந்தும் என்னைத்தான் கேட்பான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதிரணிப் பெட்டி.
துலூத்திலிருந்து வரும் டேல் ஹாக்ஸ்ட்ரா,
சற்றுமுன்தான் இவன் புருவத்தைக் கிழித்தவன்.
வாசில் கண்ணாடியைத் தட்டினான்,
கைகளைத் தொட்டிலாக்கி ஆட்டிக் காட்டினான்.
அவன் ஒரு விரல் காட்டினான்.
யோசித்து, இன்னொன்று.
இரட்டை!
சிரித்த சிரிப்பில் புருவம் மறுபடி பிளந்துகொண்டது.
நேரமாயிற்று, கதவைத் திறந்தேன்.
இருவரும் நேராகப் போய்
சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நடுவில் ஒரு பிப்ரவரி, மேலே கூப்பிட்டார்கள்.
பெரிய லீக். ஒன்பது ஆட்டம்.
களத்தில் முப்பத்தொரு நிமிடம்,
பெட்டியில் நாற்பத்திரண்டு.
அங்கே கதவு திறப்பவன் டை கட்டியிருப்பானாம்,
வாயே திறக்கமாட்டானாம்.
செய்தித்தாளில் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தார்கள்.
துணுக்கை வெட்டி பர்ஸில் வைத்திருந்தான்,
விட்ட எழுத்தைப் பேனாவால் சேர்த்து.

முடிந்தபோது விழா எதுவுமில்லை.
செப்டம்பரில் பட்டியல் ஒட்டினார்கள், அதில் அவன் இல்லை.
இருபத்திரண்டாம் எண்ணை ஒரு பொடியன் போட்டு வந்தான்.
நல்ல பையன். பெட்டிப் பக்கமே வரவில்லை.
அந்த வருடம் முழுக்க
காபியைச் சூடாகவே குடித்தேன்.

போன மார்ச், மருத்துவமனை, எக்ஸ்ரே பிரிவு.
என் இடுப்புக்கு நான், கைக்கு அவன்.
கோட்டுப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
நிமிர்ந்தான். என் பெயர் வரவில்லை அவனுக்கு.
எப்போதாவது தெரிந்திருந்ததா என்பதே சந்தேகம்.
ஆனால் நகர்ந்து இடம் விட்டான்,
பெஞ்சில் கதவோரத்து நுனியை.

டிராக்டரை விற்றாயிற்றாம்.
குருணைதான் சரியாம்,
மாமியார் இறந்தபின் ஒப்புக்கொள்கிறான்.
பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி
அதே கரகரப்பில்,
"இன்னும் எவ்வளவு?"

கடிகாரத்தைப் பார்த்தேன்.
முன்னோக்கி ஓடுகிற கடிகாரம்,
எங்கே போய் நிற்கும் என்று அதில் எழுதியிருக்காது.
"நாற்பது விநாடி" என்றேன்.
தலையாட்டினான்.

நர்ஸ் வந்து அவன் பெயரை
ஓர் எழுத்தை விழுங்கிவிட்டுக் கூப்பிட்டாள்.
எழுந்தான்.
கதவு தானாகத் திறந்துகொண்டது.
என் கை பாதிவழி போயிருந்தது.